காந்தப் பிரிவும் ஓர் ஏணிப்படியும்

எங்கள் நிறுவனத்தில் எதையும் நம்பக் கூடாது என்பது விதி. செங்கல்லை நம்பக் கூடாது, கம்பியை நம்பக் கூடாது, அவற்றைக் கொண்டுவருகிற ஆளை அறவே நம்பக் கூடாது. நம்பத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான், அது நாங்கள் குத்தும் முத்திரை. பொருள் உறுதி நிறுவனம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். கடையில் விற்கிற ஏணி, வாளி, குழாய், கதவுக் கொண்டி என்று எல்லாவற்றையும் இழுத்தும் வளைத்தும் பார்ப்போம், தேறினால் முத்திரை. நான் அங்கே சுருக்கெழுத்தர். பெரியவர்கள் பேசுவதை எழுதி எடுத்துத் தட்டச்சு செய்வது என் வேலை. யோசிப்பது அதில் சேராது. அதனால்தான் இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட ஒரு பெயின்டர் வந்தார். நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. இடது கையில் மாவுக்கட்டு. வலது கையில் பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. துணியைப் பிரித்தார். அலுமினிய ஏணியின் ஒற்றைப் படி. நடுவில் மடங்கிக் கிடந்தது.

அவர் சொன்ன கதை சின்னது. ஒரு வீட்டின் மாடிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, நின்ற படி மடங்கிக் கீழே விழுந்திருக்கிறார். கான்ட்ராக்டர் ஓடிவந்தார். கிட்டே வந்து முகர்ந்துகூடப் பார்க்காமல், குடித்துவிட்டு ஏறியிருக்கிறான் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பெயின்டருக்கு ஒரு காலத்தில் குடி இருந்தது உண்மை. விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கான்ட்ராக்டர் கெடக்கட்டும் சார், அவரில்லன்னா இன்னொருத்தர்," என்றார். "வீட்லயும் அதையே நம்புறாங்க. என் சம்சாரம் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. சோறு வைப்பா, வச்சிட்டுப் போயிடுவா. தானா வளையறதுக்கு அது என்ன ஏணியா, பாம்பான்னு செவுத்தப் பாத்துக் கேக்குறா. படி மேலதான் தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

ஒரு வரிதான் கேட்டார். பாவம், எந்த இடத்தில் வந்து கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

முதலில் முத்திரைப் பிரிவு அதிகாரியிடம் அழைத்துப் போனேன். அவர் படியைக் கையில் வாங்கி ஆர்வமாகத் திருப்பினார். ஓரத்தில் எங்கள் முத்திரை இருந்ததைப் பார்த்ததும் கை சுட்டுவிட்டதைப் போல மேசைமேல் வைத்துவிட்டார். முத்திரை உள்ள படி வளையாது என்றார். வளைந்திருக்கிறதே என்று பெயின்டர் பணிவாகக் காட்டினார். முத்திரை இருப்பதால் அது வளைந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, வளைந்த நிலையில் காணப்படுகிறது என்று வேண்டுமானால் எழுதலாம் என்றார் அதிகாரி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

படி தகரம் மாதிரி மெல்லிசாக இருக்கிறதே, தடிமனை அளந்து பார்க்கக் கூடாதா என்று பெயின்டர் கேட்டார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. முத்திரை குத்திய பொருளின் தடிமனை அளப்பது முத்திரையையே சந்தேகிப்பதாகும், நிறுவனம் தன்னைத் தானே சந்தேகிப்பதற்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, வெளிக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் காந்தப் பிரிவுக்கு அனுப்பினார்.

காந்தப் பிரிவு பின்கட்டில் இருந்தது. உள்ளே ஆளுயரத்துக்கு ஒரு மின்காந்தம், அதன் முன்னால் நாற்காலி, நாற்காலியில் பிரிவுத் தலைவர். உள்ளங்கையில் எப்போதும் ஒரு திசைகாட்டியை வைத்திருப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குத் திசைகாட்டி என்றே பெயர். காந்தத்தில் ஒட்டாத பொருள்களின் வலுவைக் காந்தப் புலம் எப்படி மாற்றுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அது கப்சா இல்லை. உப்புப் படிகம், அலுமினியம் போன்றவை காந்தப் புலத்தில் கிடந்தால் சற்று இளகலாம் என்று வெளியூர் ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அங்கே கண்டது எதுவும் இங்கே மட்டும் கண்ணில் படவேயில்லை. பிரிவை மூடிவிடலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெயின்டரின் ஏணிப்படி உள்ளே நுழைந்தது.

திசைகாட்டி அதைத் தொட்டில் குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, வரிசையில் அங்கங்கே கோணல் இருக்கும், அந்தக் கோணல் நகர்ந்துவிடாமல் வேற்று அணுக்கள் ஆணி அடித்த மாதிரிப் பிடித்திருக்கும், காந்தப் புலம் அந்தப் பிடியைத் தளர்த்தினால் கோணல் வழுக்கும், உலோகம் இளகும் என்று பொறுமையாகவே விளக்கினார். பெயின்டர் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, அப்படியென்றால் தான் குடிக்கவில்லை என்று ஆகிவிட்டதல்லவா என்றார். அதற்கு இன்னும் நாளிருக்கிறது என்றார் திசைகாட்டி.

"இரும்பு வெளிப்படையான ஆளு," என்று தொடர்ந்தார். "காந்தத்தைக் கண்டா ஓடிப்போய் ஒட்டிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சிடும். அலுமினியம் அப்படி இல்ல. ஒட்டாது, அசையாது, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருக்கும். உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்? எது ஒட்டலையோ அதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

அப்படியென்றால் மரம் என்று பெயின்டர் இழுத்தார். மரத்தையும்தான். கண்ணாடி? கண்ணாடியையும். மனிதர்களும் காந்தத்தில் ஒட்டுவதில்லையே என்று அவர் அப்பாவியாகச் சொன்னதும் திசைகாட்டி அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

சோதனை தொடங்கியது. ஒரே மாதிரி இரண்டு புது அலுமினியக் கம்பிகள். ஒன்றை மின்காந்தத்தின் நடுவே வைத்தார்கள். மற்றதைப் பின்கட்டின் கோடியில் ஒரு மர அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், அதற்கு நிரபராதிக் கம்பி என்று பெயர். பிறகு இரண்டையும் இயந்திரத்தில் கொடுத்து வளைத்தார்கள். இரண்டும் ஒரே எடையில் வளைந்தன. மரமண்டையான நானாக இருந்தால், காந்தத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். திசைகாட்டி அப்படிப்பட்டவர் இல்லை. நிரபராதிக் கம்பியை யாரோ திருட்டுத்தனமாகக் காந்தத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று அறிவித்தார்.

அன்றிலிருந்து அலுவலகம் அலுவலகமாக இல்லை. வாசலில் எல்லோரையும் நிறுத்திச் சோதித்தார்கள். காதில் மாட்டும் பாட்டுக் கருவி, கைப்பையின் கொக்கி, செல்போன் உறை என்று காந்தம் உள்ள எல்லாம் ஒரு வாளியில் போய் விழுந்தன. என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் மூடியில் துளியூண்டு காந்தம் இருந்தது, பெட்டியே போய்விட்டது. ஒளித்துவைத்த காந்தத்தைப் பிடிக்கத் திசைகாட்டி கையில் திசை காட்டும் முள்ளோடு அறை அறையாக நடந்தார். முள் வடக்கே காட்டியது. வடக்குப் பக்கம் கேன்டீன். கேன்டீனைத் தலைகீழாகப் புரட்டினார்கள். குளிர்ப்பெட்டிக் கதவின் விளிம்பிலிருந்த காந்தப் பட்டையைக் கண்டுபிடித்து உரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு கதவு மூடவில்லை, பால் தினமும் திரிந்தது. மறுநாளும் முள் கேன்டீனையே காட்டியது. சந்தேகம் உறுதியானது. கேன்டீன்காரரைக் கூப்பிட்டு நிற்கவைத்து விசாரித்துக்கொண்டிருந்தபோது, கேன்டீனுக்கு உள்ளேயிருந்து பார்த்தால் முள் இன்னும் வடக்கே, இயக்குநர் அறையைக் காட்டுவதை யாரோ கவனித்துவிட்டார்கள். அந்த முள் பழுது என்று அன்று மாலையே முடிவாகி, புது முள் வாங்கினார்கள்.

ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோனது. கணக்குப் பிரிவுக்காரர் சாப்பிடும்போது அவருடைய கரண்டி வளைந்துவிட்டது. அதைச் சட்டைக்குள் ஒளித்துவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதை இரண்டு பேர் தனித்தனியாகத் திசைகாட்டியிடம் புகார் எழுதிக் கொடுத்தார்கள். நான் தட்டச்சு செய்யும்போது யாராவது பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள், திரும்பினால் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு நடக்கும்போதும் பெயின்டர் தினம் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வரி ஆயிடுச்சா சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வரி ஆகவில்லை. ஏணி இரவில் எங்கே இருந்தது என்ற கேள்விதான் ஆகியிருந்தது. ஏணி பெயின்டருடைய சொந்த ஏணி, வேலை முடிந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்து சாத்திவைப்பார். எனவே திசைகாட்டியும் முத்திரை அதிகாரியும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

இரண்டே அறைகள். முன்னறையில் தையல் மிஷின், துண்டுத் துணிகள், பாதி தைத்த சட்டைகள். மிஷின் முன்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். கணவரைப் பார்க்கவேயில்லை. ஏணியை எங்கே சாத்துவீர்கள் என்று கேட்டதற்கு, அதை வைக்கிறவரைக் கேளுங்க என்றார். பெயின்டர் மூலையைக் காட்டினார். திசைகாட்டி முள்ளை எடுத்தார். முள் நேராகத் தையல் மிஷினைக் காட்டியது. மிஷின் வடக்குச் சுவரோரம் இருந்தது.

மிஷின் இழுப்பறையைத் திறக்கச் சொன்னார்கள். நூல்கண்டுகளுக்கு நடுவே லாடம் மாதிரி ஒரு காந்தம். இது எதற்கு என்று திசைகாட்டி கேட்டார். தையல்கார அம்மா அதை எடுத்துக் குனிந்து தரையில் ஓட்டினார். சிதறிக் கிடந்த குண்டூசிகள் கிணுகிணுவென்று துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு பக்கத்திலிருந்த அலுமினியக் கிண்ணத்தில் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. இது அலுமினியத்தை ஒன்றும் செய்யாது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். திசைகாட்டியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஒட்டல பாத்தீங்களா," என்றார் முத்திரை அதிகாரியிடம். "அதான் சந்தேகமே."

காந்தத்தை ஒரு பையில் போட்டார்கள். மிஷினின் மோட்டாரிலும் காந்தம் உண்டு என்பதால் மிஷினுக்குக் காகிதம் ஒட்டிச் சீல் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை தைக்கக் கூடாது. நாளைக்குக் கொடுக்கவேண்டிய சட்டை ஊசிக்கு அடியில் மாட்டியபடியே கிடந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கணவரின் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் இவங்களக் கூட்டிட்டு வந்தீங்களா?"

 மனைவி பேசவேண்டும் என்றுதான் அந்த மனிதர் நாயாய் அலைந்தார். அந்த அம்மா பேசியது இதுதான். 

மிஷினையும் வண்டியில் ஏற்றி நிறுவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு, விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. நீள மேசை, அதன்மேல் சிவப்புத் துணி, துணியின் நடுவில் ஏணிப்படி. ஒரு பக்கம் அதிகாரிகள், மறுபக்கம் புருஷனும் பெண்சாதியும், இருவருக்கும் நடுவே ஒரு காலி நாற்காலி. இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அவர் பேசியதை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன்.

"நம்ம முத்திரையை ஜனங்க எவ்வளவு நம்புறாங்கன்னு நமக்கே தெரியாது. ஏணி கம்பெனிக்காரங்க இருக்கிறதுலயே நல்ல ஏணியா ஒண்ணைப் பொறுக்கி, பாலிஷ் போட்டு, அவங்க கையாலேயே கொண்டாந்து தர்றாங்க. நாம அதைச் சோதிக்கிறோம். மிச்ச ஏணி எல்லாம் அதே மாதிரிதான் இருக்கும்னு அவங்க சொல்றாங்க, நாம நம்புறோம். பெரிய மனுஷங்க சொன்னா நம்புறதுதானே மரியாதை. ஆனா ஏணியில ஏறுறவனை எப்படிங்க நம்புறது? அவன் மேல முத்திரை இல்லையே."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தையல்கார அம்மாவிடம், காந்தம் ஏணிக்குப் பக்கத்தில் இருந்தது உண்மையா என்று கேட்டார்.

"ரெண்டு ரூம் வீடுங்க," என்றார் அவர். "அதுல எது எதுக்குத் தூரம்?"

இது ஒப்புதல் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். முத்திரை குத்திய பொருளைக் காந்தம் காட்டிக் கெடுத்தது குற்றம், காந்தமும் மிஷினும் நிறுவனத்துக்குச் சேரும், இனி அவர் அந்தத் தொழில் செய்யக் கூடாது என்பது முடிவாகப் போகிறது என்றார் இயக்குநர். மிஷின் இல்லாமல் எப்படித் தைப்பது என்று அந்த அம்மா கேட்டார். கையால் தைக்கலாம் என்றார் திசைகாட்டி, ஆனால் இரும்பு ஊசியும் காந்தமாகக் கூடும், மர ஊசி நல்லது. கிண்டல் இல்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பெயின்டருக்கு அவர் கேட்ட வரி கிடைக்கும், காந்தத்தால் படி இளகியது என்று அறிக்கை வரும், கான்ட்ராக்டருக்கும் ஒரு நகல் போகும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெயின்டர் எழுந்து நின்றார். மாவுக்கட்டுக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சார், நான் குடிச்சிருந்தேன்னா காந்தத்து மேல தப்பு வராதுல்ல?"

 முத்திரை அதிகாரியின் முகம் மெல்ல மலர்ந்தது. வராது என்றார். ஏணி மேலும் வராது, முத்திரை மேலும் வராது, ஆள் தள்ளாடி விழுந்த வேகத்தில் படி மடங்கியது என்று ஆகிவிடும். அப்படியென்றால் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா என்று பெயின்டர் மறுபடி கேட்டார். இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார் இயக்குநர்.

"அப்ப எழுதிக்குங்க. நான் குடிச்சிருந்தேன்."

திசைகாட்டி துள்ளி எழுந்தார். எங்கே குடித்தாய், எவ்வளவு குடித்தாய், யாரோடு குடித்தாய் என்று குடைந்தார். பெயின்டர் திணறினார். ஒரு கடை என்றார், பிறகு வேறு கடை என்றார். காலையில் என்றார், காலையில் கடை திறந்திருக்காதே என்று கேட்டதும், முந்தின நாள் வாங்கிவைத்தது என்றார். வருஷக்கணக்கில் குடித்த மனிதர், பாட்டிலையே கண்ணால் பார்க்காதவர் மாதிரி உளறினார். இவர் பொய் சொல்கிறார் என்று திசைகாட்டி மேசையைத் தட்டிச் சொன்னார். எங்கள் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ சந்தேகம் பார்த்துவிட்டேன், சரியாக அமைந்த சந்தேகம் அது ஒன்றுதான். அதைத்தான் இயக்குநர் தள்ளுபடி செய்தார்.

"தன்னைப் பத்தித் தானே கெட்டதா ஒருத்தன் சொன்னா, அதுக்குச் சோதனை தேவையில்ல," என்றார். "ஏழை ஜனங்க விஷயத்துல அதுதான் நம்ம வழக்கம்."

திசைகாட்டி வாடிப்போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மது அருந்தியவரின் மூச்சுக் காற்று பட்டு அலுமினியம் இளகுமா என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என மெதுவாகக் கேட்டார். யாரும் இல்லை என்றதும் இயக்குநர் அதற்கு அங்கேயே அனுமதி கொடுத்தார். காந்தப் பிரிவு பிழைத்தது. அன்று அந்த அறையைவிட்டு வெளியே வந்தவர்களில் சந்தோஷமாக இல்லாதவர் பெயின்டர் ஒருவர்தான். இனி எந்த கான்ட்ராக்டர் அவரை ஏணியில் ஏற்றுவார்?

அறிக்கையை அடித்து, முத்திரை குத்தி, நகலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காந்தம் திரும்பி வந்து அந்த அம்மாவின் மடியில் இருந்தது. பெயின்டர் போகலாமா என்றார். அந்த அம்மா எழவில்லை.

"அன்னைக்கு நீங்க குடிக்கல," என்றார்.

"அதான் உள்ள சொன்னேனே, குடிச்சேன்னு."

"அதனாலதான் சொல்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க குடிச்ச நாளுக்குக் கணக்கில்ல. வாசப்படியில விழுந்து கெடந்த அன்னைக்குக்கூட, தொடவேயில்லன்னுதான் சத்தியம் பண்ணுவீங்க. குடிச்ச நாள்ல நீங்க குடிச்சேன்னு சொன்னதே இல்ல."

பெயின்டர் மாவுக்கட்டுக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். அந்த அம்மா நகர்ந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். உங்களைப் போட்டுப் படுத்திட்டேன் என்று அவரும் அழுதார். நான் கையில் காகிதத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கொடுக்காமல் போகவும் முடியாது, கையெழுத்து வாங்க வேண்டும்.

கடைசியில் அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி வாங்கினார். பெயின்டர் கேட்டபடி ஒரே ஒரு வரிதான் இருந்தது. விழுந்தபோது பயனாளர் மது அருந்தியிருந்தார் என்பது உறுதி செய்யப்படுகிறது. அதைப் படித்துவிட்டு, கீழே இருந்த முத்திரையைப் பெருவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"இந்த முத்திரையைப் பாத்துட்டுத்தான் சார் இவரு அந்த ஏணியையே வாங்கினாரு," என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கணவரின் நல்ல கையைப் பிடித்து எழுப்பி, மிஷினை வாங்கிக்கொள்ள அழைத்துப் போனார்.